அம்மாவோடு கப்பலில் தீவு பார்க்கப் போகும் முன்

திருகோணமலை உள்துறைமுகத்துக்கு வரும் கப்பல்களை என் அம்மா எழுபது வருசமாகக் கரையில் நின்றுதான் பார்த்தார். ஏறியதெல்லாம் மூதூர்ப் படகு மட்டும். போன வருசம் அவரைச் சிங்கப்பூருக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் தீவுகளுக்குப் போகும் சுற்றுலாக் கப்பலில் ஏறினோம். வயதானவர்களோடு வெளிக்கிட நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் மாதம். நமக்கு மே தொடங்கிச் செப்டெம்பர் வரை கடல் குளம் மாதிரிக் கிடக்கும், கார்த்திகை மார்கழியில் குழம்பும். புக்கெட்டின் மேற்குக் கரையில் இது மறுவளம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் ஒக்டோபர் வரை அங்கே அலை பெரிது. நம் நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கிறதே என்று நம்பி ஓகஸ்ட் லீவுக்குப் பதிவு செய்துவிடாதீர்கள். நாங்கள் பெப்ரவரியில் போனோம்.

கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க வவுனியா அலுவலகத்துக்குப் போகலாம். இலங்கையருக்குச் சிங்கப்பூர் போக விசா தேவையில்லை. ஆனால் போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பல் தொடும் மற்ற நாடுகளின் விசா விதியைக் காசு கட்டும் முன்பே பாருங்கள். "நான் இறங்கமாட்டேன், கப்பலிலேயே இருப்பேன்" என்றாலும் விசா இல்லாவிட்டால் ஏற்றாமல் விடலாம். அப்புறம், மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க அம்மாவைப் புறாத்தீவுக்குப் படகில் கூட்டிப்போனேன். போகும்போதே சத்தி. அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம். சின்னப் படகு ஆடுவதுபோலப் பெரிய கப்பல் ஆடாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் அறை எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. தலைச்சுற்றுக்கான குளிசையை ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். அம்மா பிரஷர் குளிசை எடுப்பவர் என்பதால், இரண்டும் ஒத்துப்போகுமா என்று டொக்டரிடம் முதலே கேட்டேன்.

ஆனால் அந்தப் பிரஷர் குளிசையிலேயே நான் பிழை விட்டேன். பெரிய பைகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வரப் பல மணி நேரமாகும். மத்தியானக் குளிசை அந்தப் பைக்குள் போய்விட்டது. அம்மா கட்டில் விளிம்பில் இருக்க, நான் நடைபாதை முழுக்கக் கதவடிகளில் கிடந்த பைகளின் பெயர்த்துண்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் பச்சைப் பை ஆறு மணிக்குத்தான் வந்தது. குளிசை, மருந்துச் சீட்டு, கடவுச்சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுடுப்பு எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கேத்தல், அயன் பெட்டியை வீட்டிலேயே விடுங்கள். தீப்பிடிக்கும் என்று பொதுவாகக் கப்பலில் விடமாட்டார்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுக்கடலில் செய்மதி வழியாக இணைந்தால் கட்டணம் பயங்கரம்.

கப்பல் வெளிக்கிடும் முன் ஆபத்துக்காலப் பயிற்சி நடக்கும். ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல். வீட்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்ததால் அம்மா பயப்படவில்லை, விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றார்.

நேரத்தில் கவனம். புக்கெட் நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பின்னால். கரையில் போன் தானாகவே மாறிவிட்டது, எங்கள் கப்பலோ சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. போனை நம்பியிருந்தால் கரையிலேயே நின்றிருப்போம். கப்பல் மணிக்கூட்டைப் பார்த்து அம்மாவின் பழைய கைக்கடிகாரத்தைச் சரி செய்திருந்தோம். கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு நாலரைக்கு. அம்மா மூன்று மணிக்கே என் கையைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டார்.