அக்குபஞ்சர் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

தளர்வான உடை, நேரத்துக்கு வருவது போன்றவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள். புதிதாக வருபவர்கள் சறுக்குவது வேறு இடங்களில். ஆள் மாறினாலும் இடம் மாறுவதில்லை.

வெறும் வயிறு

ரத்தப் பரிசோதனைக்குப் போகிற பழக்கத்தில் பலர் சாப்பிடாமல் வந்துவிடுகிறார்கள். பசியும் ஊசி பயமும் சேர்ந்தால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். முதலில் கொட்டாவி, பிறகு குளிர்ந்த வியர்வை, குமட்டல், கண் இருட்டல். இவற்றில் எது தொடங்கினாலும் உடனே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். ஊசிகளை எடுத்துவிட்டுக் காலை உயர்த்திப் படுக்க வைத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். வருவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிடுங்கள். முதல் தடவை உட்கார்ந்தபடி வேண்டாம், படுத்தே போட்டுக்கொள்ளுங்கள்.

பல்லைக் கடித்துப் பொறுப்பது

அக்குபஞ்சர் ஊசியின் தடிமன் பொதுவாக 0.20 முதல் 0.30 மில்லிமீட்டர். மருந்து செலுத்தும் ஊசி போல உள்ளே குழாய் கிடையாது, முனையில் வெட்டும் விளிம்பும் கிடையாது. உள்ளே போனதும் கனமாக, மந்தமாக, இழுப்பது போல ஓர் உணர்வு வரலாம். சீன மருத்துவத்தில் அதற்கு 'தே ச்சி' என்று பெயர்; அது வந்தால் பயப்பட வேண்டாம். சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது போலவோ, எரிவது போலவோ இருந்தால் ஊசி நரம்பையோ ரத்தக் குழாயையோ தொட்டிருக்கலாம். உடனே சொன்னால் சற்றே பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். இங்கே வீரம் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

கையில் போன்

அசைந்தால் தசை இறுகும், ஊசி வளையும். பையில் வையுங்கள்.

மாத்திரையை நிறுத்துவது

மற்ற தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு விலை ஒரு மயக்கமோ கன்றிப்போன தோலோதான். இதற்கு விலை உயிராகவும் இருக்கலாம்.

முழங்கால் வலிக்கு வந்தவர், மூன்றாவது அமர்வில் படுக்கையில் சாய்ந்துகொண்டே பெருமையாகச் சொல்வார்: "பிரஷர் மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு. உடம்பு லேசா இருக்கு." அரை மணி நேரம் அசையாமல் கண்ணை மூடிக் கிடந்தால் யாருக்கும் உடம்பு லேசாகத்தான் இருக்கும். ரத்த அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. தெரிந்தால் அளக்கக் கருவி எதற்கு? கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால்தான் எண் 180-ல் நிற்பது தெரியும்.

பிரஷர் மாத்திரை மட்டுமா? முதல் வகைச் சர்க்கரை நோயில் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே, சில நேரம் அதற்கும் முன்பே, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடும். இதய நோய் உள்ளவர் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் வகை மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் துடிப்பு எகிறும். நெஞ்சுவலி வரும், மாரடைப்பும் வரலாம். வலிப்பு மாத்திரையை விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி, உடம்புக்கான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். மாத்திரையும் நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழுந்துவிடலாம். தைராய்டு மாத்திரை சத்தமில்லாமல் ஏமாற்றும்: அதன் மருந்து உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால், நிறுத்திய முதல் சில நாள் எந்த மாற்றமும் தெரியாது. "பார்த்தீர்களா, மாத்திரையே தேவைப்படவில்லை" என்ற நம்பிக்கை பிறப்பது அந்த நாட்களில்தான்.

இவற்றைவிட எரிச்சலூட்டுவது, நிறுத்தியபின் வரும் தொல்லைக்குச் சொல்லப்படும் விளக்கம்: "கழிவு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி." இன்சுலினை விட்டவர் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, வாயில் பழவாடை அடித்தால் அது கழிவல்ல, அமிலம். ஊசி போட்டபின் எதிர்பார்க்கக்கூடியவை குறைவு: களைப்பு, தூக்கக் கலக்கம், குத்திய இடத்தில் சிறு கன்றல், ஓரிரு நாள் வலி சற்றுக் கூடுவது. இதைத் தாண்டிய எதையும் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அக்குபஞ்சருக்கு ஓரளவு ஆதாரம் இருப்பது நாள்பட்ட வலி, தலைவலி, குமட்டல் ஆகியவற்றில். அங்கேயும் அடக்கம் தேவை. 1,162 பேரிடம் ஜெர்மனியில் நடந்து 2007-ல் வெளியான முதுகுவலி ஆய்வில், அக்குபஞ்சர் பெற்றவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. அக்குபஞ்சர் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் அது 44.2; வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4. வலிக்கு முயன்று பார்க்கலாம் என்று இதை வைத்துச் சொல்லலாம். இன்சுலினுக்கு மாற்று என்று சொல்ல இதில் எதுவும் இல்லை.

சாதாரண வலி மாத்திரையை, வலி குறையக் குறைய நீங்களே குறைத்துக்கொள்ளலாம். ஓபியாய்டு வகை (டிராமடால், மார்ஃபின் போன்ற) வலி மாத்திரையும் மற்ற எல்லா மருந்துகளும் எழுதிக்கொடுத்த மருத்துவர் சொன்னால்தான் குறைய வேண்டும். வீட்டில் எடுத்த ரத்த அழுத்த, சர்க்கரை அளவுகளைக் கொண்டுபோய் அவரிடம் காட்டுங்கள். குத்துபவரே நிறுத்தச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்டால் மட்டும் சொல்வது

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கர்ப்பம், பேஸ்மேக்கர், வலிப்பு, நிணநீர் வீக்கம் உள்ள கை கால், நிக்கல் ஒவ்வாமை: இவற்றைக் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் இருப்பவருக்கு ஊசியில் மின்சாரம் இணைக்கும் முறை பொதுவாகவே கூடாது. கர்ப்பத்தில் சில புள்ளிகளை மரபாகவே தவிர்ப்பார்கள்.

பிரித்து வைத்த ஊசி

பாக்கெட் உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் வேண்டாம்.

முதல் நாளே தீர்ப்பு

ஒரே அமர்வில் ஓடிப்போன வலி, மறுநாள் திரும்பி வரலாம். எதுவுமே தெரியாத முதல் அமர்வும் தோல்வி ஆகாது. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என ஆறு அமர்வு வரை பார்ப்பது நியாயம். ஆனால் அளந்து பாருங்கள். தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள்: பத்துக்கு எத்தனை வலி, எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, வாரத்துக்கு எத்தனை வலி மாத்திரை. "பரவாயில்லை போலிருக்கிறது" என்பது அளவல்ல. ஆறு அமர்வுக்குப் பிறகும் எண்கள் அசையவில்லை என்றால் "இன்னும் பத்து போடலாம்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

எழுந்ததும் ஓடுவது

போட்ட ஊசி எத்தனை, எடுத்தது எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். முடிக்குள்ளும் காதுக்குப் பின்னும் மறந்துபோவது நடக்கிற சங்கதிதான். பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வண்டியை எடுங்கள்.

தோள்பட்டை மேலோ, மார்பிலோ, மேல்முதுகிலோ ஊசி போட்டிருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மிக அரிதாக ஊசி நுரையீரலின் உறையைத் துளைத்துவிடும். வீடு போய்ச் சேர்ந்து சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தும், படி ஏறினால் மூச்சு வாங்கும். அப்போது அக்குபஞ்சர் நிலையத்துக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போய், எந்த இடத்தில் ஊசி போட்டார்கள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள்.