எவரெஸ்ட் அடிவாரம் போகிறீர்களா? திரும்பும் டிக்கெட்டை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்

நடை 12 நாள் என்றால் மறுநாளே காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்ப விமானம் பதிவு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. நடை தொடங்கும் ஊரான லுக்லாவின் விமான ஓடுதளம் 527 மீட்டர்தான், அதுவும் மலைச்சரிவில். பார்வைக்கு எட்டிய தூரம் தெளிவாக இல்லையென்றால் விமானம் ஏறாது. மேகம் மூடினால் ஒரு நாள், சில சமயம் மூன்று நாள்கூடக் காத்திருக்க வேண்டும். குறைந்தது 2 நாள் கூடுதலாக வையுங்கள். லுக்லாவுக்குக் காலை முதல் விமானத்தையே கேளுங்கள், மதியத்துக்கு மேல் காற்று கூடிவிடும்.

அக்டோபர், ஏப்ரல் போன்ற நெரிசல் மாதங்களில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவுக்குப் பதில் ராமேச்சாப் மாவட்டத்தின் மந்தலி விமான நிலையத்திலிருந்துதான் கிளம்பும். அங்கே போக காத்மாண்டுவிலிருந்து 4, 5 மணி நேர மலைப்பாதை. நள்ளிரவில் வண்டி ஏற வேண்டியிருக்கும். விலை பேசும்போதே அந்த வண்டிச் செலவு சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பயணத் திட்டத்தில் வழியிலுள்ள நாம்சே (3,440 மீட்டர்), டிங்போச்சே (4,410 மீட்டர்) இரண்டு ஊர்களிலும் உடல் உயரத்துக்குப் பழக ஒவ்வொரு ஓய்வு நாள் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவுத் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது இதுதான். தலைவலி, வாந்தி என்று உயர நோய் தொடங்குவதும் அங்கேதான். அடிவாரம் 5,364 மீட்டர் என்பதால் காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை நடைப்பயணமும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் இது இருக்காது.

இந்தியருக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும், ஆதார் செல்லாது.