க்ளீன்ரூம் பேனல் எடுக்கேக்க முகத்தப் பாக்காதீங்க, ஓரத்தப் பாருங்க

போன மாசம் வெள்ளவத்தையில எனக்குத் தெரிஞ்ச அண்ணா ஒருத்தர் மேசையில நாலு சாம்பிள் துண்ட அடுக்கி வச்சிட்டு "தம்பி, இதில எது நல்லம் எண்டு பாத்துச் சொல்லு" எண்டார். ரத்மலானைப் பக்கம் சின்னதா ஒரு மருந்து பேக்கிங் யூனிட் போடப் போறார், அதுக்கு க்ளீன்ரூம், அதாவது காத்தில தூசிய அளவோட கட்டுப்படுத்தி வைக்கிற ரூம், கட்டுற சுவர்ப் பேனல் துண்டுகள்தான் அது. நாலும் வெள்ளை, நாலும் பளபளப்பு, கையால தடவினா நாலும் ஒண்டுதான். நான் நாலையும் திருப்பி வெட்டின பக்கத்தப் பாத்தன், ஒண்டுக்குள்ள பேப்பர் தேன்கூடு, ஒண்டுக்குள்ள ரெஜிஃபோம், ஒண்டு ரொக்வூல் எண்ட கல்நார்ப் பஞ்சு இல்லாத கல் பஞ்சு, மற்றது ரெண்டு எம்ஜிஓ (மக்னீசியம் ஒக்சைட்) போர்ட்டுக்கு நடுவில அலுமினியம் தேன்கூடு. அண்ணா அதுவரைக்கும் ஓரத்தப் பாக்கவே இல்ல. அவர் மட்டும் இல்ல, நாங்க எல்லாருமே பேனல முகத்தப் பாத்துத்தான் வாங்குறம், ஆனா கொழும்பில நான் கழட்டி எறிஞ்ச பேனல் எல்லாம் ஓரத்தாலயும் மூட்டாலயும் பழுதாப் போனதுதான்.

விக்க வாறவங்க முதல்ல சொல்றது "சேர், இது ஐஎஸ்ஓ 7 பேனல்" எண்டு. அப்பிடி ஒரு பேனல் உலகத்திலயே இல்ல. ஐஎஸ்ஓ 14644 எண்ட க்ளீன்ரூம் தரவிதி சொல்றது ரூமுக்குள்ள இருக்கிற காத்தப் பத்தி, ஒரு கனமீட்டர் காத்தில 0.5 மைக்ரோனும் அதுக்கு மேலயும் உள்ள துகள் 352,000க்குள்ள இருந்தா ஐஎஸ்ஓ 7, 3,520க்குள்ள இருந்தா ஐஎஸ்ஓ 5. அது ஃபில்டர், காத்தோட்டம், ஆக்கள் உள்ள போய் வாற விதம் எல்லாம் சேந்து வாறது. சுவர் தூசி விடாம, காத்து ஒழுகாம, துடைக்கத் துடைக்க உரியாம நிண்டா அதுவே காணும். க்ளாஸ் சொல்லி கூட விலை கேட்டா அந்த வசனத்த கொட்டேஷனிலயிருந்து வெட்டச் சொல்லுங்க.

இனி ஈரத்துக்கு வாறன், இதிலதான் எங்கட ஊர்ல காசு கூடப் போகுது, ஏனெண்டா பேனல் வாற ப்ரோஷர் எல்லாம் குளிர் நாட்டுக்கோ காய்ஞ்ச ஊருக்கோ எழுதினது, அத அப்பிடியே நம்பி ஓடர் போடுறாங்க. வெளிய 30 டிகிரி, ஈரப்பதம் 80% எண்டு வச்சுக்கொள்ளுங்க, கொழும்பில அது சாதாரண நாள். அந்தக் காத்தின்ர ட்யூ பொயின்ட் 26 டிகிரி, அதாவது 26க்குக் கீழ குளிர்ந்த எதில பட்டாலும் தண்ணி பூக்கும். உள்ளுக்க நீங்க 20 டிகிரியில ரூம வச்சிருக்கிறீங்க. தனி அலுமினியம் தேன்கூடு வச்ச பேனல் சூட்டத் தடுக்காது, அலுமினியம் கடத்துற சாமான், அதால ரெண்டு பக்கத் தகடும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில, 25 டிகிரி பக்கம் வந்து நிக்கும். அப்ப வெளிப்பக்கம் வேர்க்கும். அதே இடத்தில 50 மில்லிமீட்டர் ரொக்வூலோ பிஐஆர் எண்ட கெட்டி ஃபோமோ இருந்தா வெளித்தகடு 29 டிகிரிக்குப் பக்கத்தில நிக்கும், ஒரு சொட்டுத் தண்ணி வராது. தேன்கூடு கூடாத சாமான் எண்டு நான் சொல்லேல்ல, பாரம் குறைவு, நல்ல தட்டையா இருக்கும், ரெண்டு பக்கமும் ஏசி ஓடுற உள்சுவருக்கு அத நானே போடச் சொல்லியிருக்கிறன். ஆனா வெளிப்பக்கம் ஸ்டோர் ரூம், கோரிடோர், ஆஸ்பெஸ்டோஸ் கூரைக்குக் கீழ உள்ள வெறும் இடம் எண்டா வேண்டாம். சீலிங்குக்கும் இதே கணக்குத்தான், அங்க மேல ஏறிப் பாக்க ஆளில்லாததால பூஞ்சணம் பிடிச்சு பல மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

எம்ஜிஓ போர்ட் பத்தி கொஞ்சம் கூடச் சொல்ல வேணும். விலையும் தோது, நெருப்புக்கும் நல்லம், பேனலுக்கு நல்ல கெட்டித்தன்மையும் குடுக்கும், அதால இப்ப வாற பேனல்ல அத நிறையப் பாக்கலாம். டென்மார்க்கில 2010க்குப் பிறகு சில வருஷம் கட்டடங்களின்ர வெளிச்சுவர்ல இந்த போர்ட்ட ஏராளமா அடிச்சாங்க, பிறகு பாத்தா போர்ட்டிலயிருந்து உப்புத் தண்ணி சொட்டுது, ஸ்க்ரூ எல்லாம் துரு, அங்க அதுக்கு அழுற போர்ட் எண்டே பேர் வந்திட்டுது. மக்னீசியம் குளோரைட் சேத்து செய்த போர்ட் காத்தில ஈரம் கூடினா அத இழுத்து வச்சுக்கொள்ளும், வைச்சிருக்க ஏலாத அளவுக்கு வந்தா உப்போட சேத்து வெளிய விடும். டென்மார்க்கிலயே அப்பிடி எண்டா மே மாசம் தென்மேற்குப் பருவமழை தொடங்கின பிறகு எங்கட நிலைமைய யோசிச்சுப் பாருங்க. நான் பாத்த ஒரு இடத்தில கரண்ட் பில்லுக்குப் பயந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் ஏசிய நிப்பாட்டி திங்கள் காலமை போடுவாங்க, ரெண்டு மழைக்காலம்தான், கதவு நிலைக்குக் கீழ பேனல் ஓரம் முழுக்க மண்ணிறக் கோடு, விரலால தட்டினா பெயின்ட் தகடோட உதிருது. அங்க வேலை செய்த பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அதத் துடைச்சுத் துடைச்சு, துரு ஒட்டின துணிய காட்டினாங்க, எனக்கு சரியான கவலையாப் போச்சு. மக்னீசியம் சல்பேட் வச்சு செய்யிற வகையும் இருக்கு, அதில குளோரைட் தொல்லை இல்ல. எழுத்தில கேளுங்க, குளோரைட் அளவு போட்ட டெஸ்ட் ரிப்போர்ட் தராட்டி அந்த ஆள விட்டிடுங்க.

தகட்டுக்கும் இதே கதை. பிபிஜிஐ (நாகம் பூசி மேல பெயின்ட் அடிச்ச இரும்புத் தகடு) எண்டு மட்டும் எழுதியிருந்தா அது ஒண்டும் சொல்லாத மாதிரி, தகடு 0.5 மில்லிமீட்டரா 0.6ஆ, நாகப்பூச்சு, அதாவது சிங்க் பூச்சு, எவ்வளவு எண்டு கேக்க வேணும். இசட் 275 எண்டா ரெண்டு பக்கமும் சேத்து சதுர மீட்டருக்கு 275 கிராம், விலை குறைஞ்சதில இசட் 80, இசட் 100 எண்டும் வரும். மட்டக்குளி, ரத்மலானை, மொரட்டுவ மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்தில அந்த வித்தியாசம் ஓரத்தில தெரியும், முகத்தில ரெண்டும் ஒரே வெள்ளைதான்.

எவ்வளவு நல்ல தகடு எடுத்தாலும் சைட்டில பாஸ்மார் க்ரைண்டர் போட்டு வெட்டினா முடிஞ்சுது. நெருப்புப் பொறி பறந்து பக்கத்துப் பேனல்ல ஒட்டும், அந்தச் சின்னச் சின்ன இரும்புத் தூள் ரெண்டு கிழமையில துருப் புள்ளியா வரும், பிறகு சப்ளையர்ல பிழை சொல்லி பிரயோசனம் இல்ல. கதவு, ஜன்னல், பாஸ் பொக்ஸ் (சாமான் உள்ள வெளிய குடுக்கிற சுவர்ப் பெட்டி), ப்ளக் பொயின்ட் எல்லாம் ட்ரோயிங்கில முடிவு பண்ணி ஃபேக்டரியிலயே வெட்டி, வெட்டின ஓரத்த அடைச்சு, வயர் பைப்பையும் உள்ளுக்க வச்சு எடுங்க. ட்ரோயிங் முடிய முதல் பேனல் ஓடர் பண்றதுதான் நான் அடிக்கடி பாக்கிற பெரிய அவசரம். சிலிக்கோனும் பாத்து வாங்குங்க, அடிக்கேக்க வினாகிரி மணம் வாற வகை நாகப்பூச்சத் தின்னும், நியூட்ரல் க்யூர் எண்டு போட்டதையே வாங்குங்க, ட்யூப்புக்கு கொஞ்சம் காசு கூட, அவ்வளவுதான்.

மூட்டுக்கு மெனக்கெடாத ஆக்களுக்கு நான் ஒரு கணக்குச் சொல்றது வழக்கம். வேற வேற சுத்த க்ரேட்டில உள்ள பக்கத்து பக்கத்து ரூமுக்கு நடுவில குறைஞ்சது 10 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வைக்கச் சொல்லி ஐரோப்பிய ஜிஎம்பி (மருந்து உற்பத்தி விதி) அனெக்ஸ் 1, 2022ஆம் ஆண்டு திருத்தின பதிப்பிலயும் இருக்கு. அந்த 10 பாஸ்கலில 3 மீட்டர் உயர மூட்டு ஒண்டில 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தா மணித்தியாலத்துக்கு கிட்டத்தட்ட 25 கனமீட்டர் காத்து போகும். ஒரு சின்ன ரூமில இருவது மூட்டு இருக்கும், எல்லாம் நீங்க காசு குடுத்து குளிராக்கி ஈரம் எடுத்த காத்து. அதே ரூம் நெகட்டிவ் ப்ரெஷர், அதாவது உள்ள அழுத்தம் வெளிய விடக் குறைவு எண்டா இன்னும் மோசம், கூரைக்கு மேல இருக்கிற ஈரக்காத்தும் தூசியும் அதே வழியால உள்ள வரும். சாம்பிள் கேக்கேக்க ஒரு துண்டு கேக்காதீங்க, ரெண்டு துண்டும் மூட்டு ப்ரொஃபைலும் சேத்துக் கேளுங்க, பொருத்திப் பாத்து டோர்ச் அடிச்சு வெளிச்சம் தெரியுதா எண்டு பாருங்க. இன்னொண்டு, ஒரு பேனல மட்டும் தனியா கழட்ட ஏலுமா எண்டும் கேளுங்க. ஆண் பெண் பள்ளம் வச்சு ஒண்டுக்குள்ள ஒண்டு செருகுற வகையில நடுவில ஒண்ட ட்ரொலி இடிச்சா, அதக் கழட்ட வரிசை முழுக்கக் கழட்ட வரும், உள்ள உற்பத்தி நிக்கும்.

நெருப்பு விஷயத்தில ரெண்டு வேற வேற கேள்விய ஒண்டாக் குழப்புறாங்க. சாமான் பத்துமா பத்தாதா எண்டது ஒண்டு, சுவர் எவ்வளவு நேரம் நெருப்பத் தடுத்து நிக்கும் எண்டது வேற. ரொக்வூல் பத்தாது, உண்மை. அதுக்காக ரொக்வூல் பேனல் எண்டாலே ஒரு மணித்தியாலம் தாங்கும் எண்டில்ல, அந்த ரேட்டிங் மூட்டு, ப்ரொஃபைல், தடிப்பு எல்லாம் சேத்து முழுச் சுவரா சோதிச்சுத்தான் குடுக்கிறது, நீங்க வாங்குற அதே தடிப்புக்கு அதே மூட்டுக்கு ரிப்போர்ட் இருக்கோ எண்டு பாக்க வேணும். ரெஜிஃபோம் பேனல் மட்டும் ஆக்கள் வேலை செய்யிற ரூமுக்குப் போட வேண்டாம் எண்டு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கிறன். 100 டிகிரி பக்கம் வரவே அது உருகத் தொடங்கும், தகடு ரெண்டும் தனித்தனியாப் போகும், க்ளீன்ரூமில ஜன்னல் திறக்காது, உள்ள போறதுக்கே ரெண்டு கதவு, உடுப்பு மாத்திற ரூம், அதுக்குள்ளால ஆக்கள் வெளிய வர நேரம் வேணும்.

துடைக்கிற மருந்தையும் முதல்லயே சொல்லி வாங்குங்க. 70% ஐசோப்ரொப்பைல் அல்ககோல் மட்டும் எண்டா சாதாரண பொலியெஸ்டர் பெயின்டே காணும், ப்ளீச்சோ பெரசெட்டிக் அசிட்டோ ஒவ்வொரு கிழமையும் அடிக்கிறீங்க எண்டா பிவிடிஎஃப் (மருந்து தாங்குற பெயின்ட் வகை), இல்லாட்டி ஹெச்பிஎல் (கெட்டி லெமினேட்) பக்கம் போங்க. ஹைட்ரஜன் பெரொக்சைட் புகை விடுற ரூமுக்கு பேப்பர் தேன்கூடு வேண்டாம், ஒரு ஓரம் திறந்திருந்தாலும் பேப்பர் அந்த மருந்த இழுத்துப் பிறகு மெல்ல மெல்ல விடும்.

வெளிநாட்டில இருந்து எடுக்கிறதெண்டா பேனல் அகலத்த கன்டெய்னரோட சேத்துப் பாருங்க, இத ஒருத்தரும் சொல்லித் தாறதில்ல. கன்டெய்னர் உள்ளகலம் 2.35 மீட்டர். 1150 மில்லிமீட்டர் பேனல் ரெண்டு வரிசை பக்கத்தில பக்கத்தில போகும், 1180 எண்டா 2.36 வரும், போகாது, ஒரு சென்டிமீட்டருக்காக மற்ற வரிசை முழுக்க வெறும் காத்துக்கு கப்பல் காசு கட்டுவீங்க. மேல் மாடியில லேப் போடுற ஆஸ்பத்திரிக்காரர் லிஃப்டுக்குள்ள 3 மீட்டர் பேனல் போகுமா எண்டு முதல்ல டேப் வச்சு அளந்திட்டு வாங்க. சைட்டுக்கு வந்த பிறகு மழையில அடுக்கி வைக்காதீங்க, தகடுக்கும் தகடுக்கும் நடுவில தண்ணி நிண்டா வெள்ளைத் துரு பிடிக்கும். வெயிலிலயும் விடாதீங்க, மேல ஒட்டின ப்ளாஸ்டிக் பேப்பர் காய்ஞ்சு பசை பெயின்டிலயே தங்கிடும்.

கொட்டேஷன்ல சதுர மீட்டர் விலைய மட்டும் வச்சு ஒப்பிடாதீங்க, ப்ரொஃபைல், மூலைக்குப் போடுற வளைவுக் கோவிங், கதவு, வெட்டுக்கூலி, சிலிக்கோன் எல்லாம் உள்ளயா வெளியயா எண்டு ஒவ்வொண்டாக் கேட்டு ஒரே தாள்ல எழுதிப் போடுங்க.

அண்ணாவுக்கு அண்டைக்கு நான் பதில் சொல்லேல்ல. நாலு துண்டையும் சமையல் தராசில நிறுத்து எழுதி வச்சிட்டு, வெட்டின ஓரம் கீழ படுற மாதிரி ஈர ஸ்பொஞ்சில நிக்க வச்சு பின் வராந்தாவில ஒரு மாசம் விடச் சொன்னன், மேல் மூலையில ஒவ்வொரு நாளும் அவர் ஃபேக்டரியில பாவிக்கப் போற அதே மருந்தால துடைக்கச் சொன்னன். முந்தநாள் கோல் எடுத்தார். பேப்பர் தேன்கூடு துண்டு கீழ ஊதி தகடு பிரிஞ்சிட்டுதாம், எம்ஜிஓ துண்டு பாரம் கூடி அடியில உப்புப் பூத்திருக்காம். ரொக்வூல் துண்டும் கொஞ்சம் தண்ணி குடிச்சிருக்கு, அதால கீழ் ட்ரெக்குக்குள்ள நிக்கிற ஓரத்த ஃபேக்டரியில எப்பிடி அடைக்கிறாங்க எண்டு கேட்டு எழுத்தில எடுத்திட்டுத்தான் ஓடர் போடுவன் எண்டார்.