தொட்டியில் வளரும் கள்ளிக்கு உரமிடும் முறை

கள்ளிச்செடிக்கு உரமிட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது செடியின் உச்சியைத்தான். உரப் பொட்டலத்தைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். உச்சியின் நடுவில் புதிய முட்கள் பழையவற்றைவிடத் துலக்கமான நிறத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தாலும், தண்டின் மேற்பகுதியில் இளம்பச்சையான புதுச் சதை தெரிந்தாலும் செடி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நாள்களில் கொடுக்கும் உரத்தை அது எடுத்துக்கொள்ளும். பல வாரங்களாக உச்சியில் எந்த மாற்றமும் இல்லையென்றால் குளிரோ, கடும் வெப்பமோ, வெளிச்சக் குறைவோ, வேர்க் கோளாறோ அதற்குக் காரணமாக இருக்கும். அந்த நிலையில் ஊற்றும் உரம் வேருக்குள் போகாமல் மண்ணில் உப்பாகத் தங்கிவிடும். வளர்கிற செடிக்கு உரம் துணை நிற்கும்; நின்றுபோன செடியை உரத்தால் கிளப்ப முடியாது.

உரத்தைச் செடியின் உணவு என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், செடி தன் உணவை வெளிச்சத்தைக் கொண்டு தானே ஆக்கிக்கொள்கிறது. கள்ளிகள் பகலில் உடல்நீர் ஆவியாகிவிடாதபடி தோலின் துளைகளை மூடி வைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி, அதை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் சர்க்கரையாக மாற்றுகின்றன. நீர்ச் சிக்கனம் மிகுந்த இந்த முறையில் வளர்ச்சி பொதுவாக மெதுவாகவே நடக்கும். அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் பரவியுள்ள சோனோரன் பாலைவனத்தின் சகுவாரோ கள்ளி முளைத்து 8 ஆண்டுகள் ஆன பிறகும் 1 முதல் 1.5 அங்குல உயரமே இருக்கும். ஆகவே மெதுவாக வளர்வதைச் சத்துக் குறைவு என்று எண்ணி உரத்தைக் கூட்டுவது தவறு. எந்தத் தேவை மிகவும் குறைவாகக் கிடைக்கிறதோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை கட்டும் என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் பரப்பிய விதி; வீட்டுக்குள் வளரும் கள்ளிக்கு அந்தக் குறை பெரும்பாலும் வெளிச்சமாகவே இருக்கிறது. இருண்ட மூலையில் இருக்கும் செடிக்கு உரம் ஊற்றினால், அது வெளிறி, ஒல்லியாக நீண்டு, தன் எடையையே தாங்க முடியாமல் சாயும்.

பாலைவனத்தில் சத்தே இல்லாத மண்ணில் வாழும் செடிக்கு உரம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பாலை மண்ணில் மட்கு குறைவே தவிர, மழை அரித்துச் செல்லாததால் தாதுக்கள் பெருமளவு தங்கியிருக்கும். மேலும் இயற்கையில் ஒரு கள்ளியின் வேர் மேல்மண்ணிலேயே வெகுதூரம் படர்ந்து தேடிக்கொள்ளும். இளஞ் சகுவாரோக்கள் பெரும்பாலும் பாலோ வெர்தே போன்ற மரங்களின் நிழலில்தான் பிழைக்கின்றன; அங்கே நிழலோடு உதிர்ந்த இலைகளின் சத்தும் கிடைக்கிறது. தொட்டியிலோ ஒரு கைப்பிடி மண்ணே அதன் உலகம். நாம் வடிகாலுக்காகச் சேர்க்கும் பெர்லைட், பியூமிஸ் என்னும் எடை குறைந்த எரிமலைக் கற்கள், பருமணல் ஆகியவற்றில் செடி எடுத்துக்கொள்ளக்கூடிய சத்து மிகக் குறைவு. இருப்பதையும் ஒவ்வொரு முறை ஊற்றும் நீரும் அடித்துளை வழியே கொண்டுபோய்விடும். எனவே தொட்டிக் கள்ளிக்கு உரம் தேவைதான். தேவைப்படும் அளவுதான் மிகச் சிறியது.

உரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பொட்டலத்தின் மீதுள்ள மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும். அவை வரிசையாகத் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) ஆகியவற்றின் விழுக்காட்டைக் குறிக்கின்றன. கள்ளிக்குத் தழைச்சத்து மற்ற இரண்டைவிடக் குறைவாகவோ, அதிகம் போனால் சமமாகவோ இருப்பது நல்லது. தக்காளி போன்ற காய்ச்செடிகளுக்கென விற்கப்படும் சாம்பல் சத்து மிகுந்த உரங்களைப் பலரும் கள்ளிக்குப் பயன்படுத்துவது இதனால்தான். தழைச்சத்து மிகுந்தால் தண்டு நீர் கோத்ததுபோல் ஊதிப் பருக்கும்; சதை இளகும்; முட்கள் மெலியும்; தோல் நீளவாக்கில் வெடிக்கவும் கூடும். அந்த இளகிய சதையில் அழுகல் எளிதில் நுழையும், மாவுப்பூச்சியும் அதைத் தேடி வரும். ஊதிய செடி பார்ப்பதற்குச் செழிப்பாகத் தெரிவதால் பிழை நடந்திருப்பதே பல மாதங்கள் வரை தெரியாமல் போகிறது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுவே. இன்னொரு நுட்பமும் உண்டு. யூரியா வடிவில் இருக்கும் தழைச்சத்து மண்ணின் நுண்ணுயிரிகளால் மாற்றப்பட்ட பிறகே வேருக்கு நன்கு பயன்படும். மட்கு குறைந்த கள்ளிக் கலவையில் அந்த நுண்ணுயிரிகள் குறைவு. எனவே பொட்டலத்தின் பின்புறத்தில் நைட்ரேட் வடிவம் மிகுதியாகக் குறிக்கப்பட்டிருக்கும் உரத்தையே தேர்ந்தெடுக்கலாம். இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் முதலிய நுண்ணூட்டச் சத்துகளும் அதில் இருந்தால் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.

அளவுதான் இந்த வேலையின் உயிர்நாடி. வீட்டுச் செடிகளுக்குப் பொட்டலத்தில் சொல்லப்பட்டிருக்கும் அளவில் பாதிக்கு மேல் கள்ளிக்குப் போகக்கூடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் கால் பங்கோடு நிற்பதே பாதுகாப்பானது. கணக்கு எளிது. மூன்று எண்களும் 20 ஆக உள்ள தூளில் 1 கிராமை 1 லிட்டர் நீரில் கரைத்தால் அதில் 200 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கும். கால் கிராம் கரைத்தால் 50 மில்லிகிராம். கள்ளிக்கு இந்த 50 போதுமானது. கால் கிராமைச் சமையலறைத் தராசில் நிறுப்பது கடினம் என்பதால், 25 கிராம் தூளை நீரில் கரைத்து மொத்தம் 1 லிட்டர் செறிகரைசலாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது அதிலிருந்து 10 மில்லிலிட்டரை எடுத்து 1 லிட்டர் நீரில் கலந்தால் சரியாகக் கால் கிராம் வந்துவிடும். அந்தப் புட்டியை இருட்டான இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாதபடி, பெயர் எழுதி வைக்க வேண்டும். கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட், பாஸ்பேட் உரங்களையும் ஒரே செறிகரைசலில் கலந்துவிடக் கூடாது. அவை வினைபுரிந்து அடியில் படிவாக இறங்கிவிடும்.

இவ்வாறு நீர்த்த கரைசலை வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை கொடுத்தால் பெரும்பாலான கள்ளிகளுக்குப் போதும். மண் முற்றிலும் காய்ந்து கிடக்கும்போது வேரின் மெல்லிய நுனிகள் உப்புக்கு எளிதில் கருகும். ஆகையால் முதலில் கொஞ்சம் வெறும் நீரை ஊற்றி மண்ணை நனைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்து உரக்கரைசலை அடித்துளை வழியே வெளியேறும் வரை ஊற்ற வேண்டும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். அதிலேயே தொட்டியை நிற்க விட்டால் கரைந்த உப்பு மீண்டும் மேலே ஏறும். கரைசலைத் தண்டின் மீது தெளிப்பதால் பயன் இல்லை. மெழுகு பூசிய தோலும் பகலில் மூடிய துளைகளும் அதை உள்ளே விடா. காய்ந்தபின் வெள்ளைக் கறைதான் மிஞ்சும்.

எப்போது நிறுத்துவது என்பது தொடங்குவதைவிட முக்கியமானது. குளிர்காலம் உள்ள இடங்களில் குளிர் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே உரத்தை நிறுத்தினால், அதுவரை வந்த புதுச் சதை கெட்டிப்பட்டுக் குளிரைத் தாங்கும். மாமிலேரியா, ரெபூட்டியா போன்ற பல வகைகள் குளிர்ந்த, உலர்ந்த ஓய்வு கிடைத்த பிறகே நன்றாகப் பூக்கும். அந்த ஓய்வை உரத்தாலும் நீராலும் கலைப்பவர்களுக்குப் பூ கிடைப்பது அரிது. குளிரே இல்லாத இடங்களிலும் உச்சக் கோடையின் வெப்ப இரவுகளில் பல கள்ளிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அடைமழை நாள்களில் மண் காயாமலே இருக்கும். அந்த இரண்டு காலங்களிலும் உரம் வேண்டாம். மண் மாற்றிய செடிக்கு வேர்க்காயம் ஆறும் வரை ஒரு வாரம் முதல் பத்து நாள் நீரே தரக்கூடாது. உரத்துக்குக் குறைந்தது ஆறு வாரம் பொறுக்க வேண்டும். புதிய கலவையில் மட்கோ உரமோ சேர்த்திருந்தால் அந்தப் பருவம் முழுவதுமே தனி உரம் தேவைப்படாது.

மண்ணில் இடும் மணி வடிவ உரங்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. மேலுறை பூசப்பட்ட இந்த மணிகள் எத்தனை மாதம் வேலை செய்யும் என்பதைத் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் 21 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையைக் கொண்டே குறிக்கிறார்கள். வெயிலில் சூடேறும் தொட்டியில் அவை அதைவிட விரைவாகச் சத்தை வெளியிடும். செடி ஓய்வுக்குப் போனாலும் அவற்றை நிறுத்த வழியில்லை. மண்புழு உரம், எலும்புத்தூள், வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றை மண் மாற்றும்போது கலவையில் சிறிதளவு சேர்க்கலாம். மண்புழு உரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் கலவை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். முட்டை ஓடு மிக மெதுவாகக் கரைவதால் உடனடிப் பயன் தராது. காப்பித்தூள் கசடும் பழத்தோலும் மண்மேல் கிடந்து பூஞ்சையையும் சிறு ஈக்களையும் வரவழைக்கும். இவற்றைத் தனியே மட்கச் செய்து சேர்ப்பதே சரி.

இதுவரை சொன்னவை பாலைவனக் கள்ளிகளுக்கு உரியவை. தமிழில் கள்ளி என்ற சொல் திருகுகள்ளி, சதுரக்கள்ளி போன்ற பால் வடியும் செடிகளையும் சேர்த்துக் குறிக்கிறது. அவை வேறு குடும்பம் என்றாலும் இதே உரமுறை அவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மாறுபடுபவை காட்டுக் கள்ளிகள். தட்டையான தண்டுள்ள கிறிஸ்துமஸ் கள்ளி பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடுகளில் மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் சேர்ந்த மட்கில் வளர்வது. அதற்கு மட்கு கூடிய மண்ணும், வளரும் பருவத்தில் பாதி அளவு உரமும் தரலாம். மொட்டு வைக்கும் பருவத்துக்கு முன்பே அதற்கும் நிறுத்த வேண்டும். சிவப்பு அல்லது மஞ்சள் தலை ஒட்டப்பட்ட கள்ளியில் தலைக்குப் பச்சையம் இல்லை. கீழே உள்ள பச்சைத் தண்டே இரண்டுக்கும் உழைக்கிறது. அந்தத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழச் செடியின் இனம் என்பதால், பாலைவனக் கள்ளியைவிட அதற்கு நீரும் உரமும் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

மண்ணின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் படலம் தெரிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அறியலாம். மேல் படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான ஒரு பகலில், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு வெறும் நீரை மெதுவாக ஊற்றி வடியவிட வேண்டும். வளரும் பருவத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்ல பழக்கம். அந்த வெள்ளை நிறம் மண்ணுக்குள் வேரை ஒட்டிப் பஞ்சுபோல் இருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. அதற்கு மருத்துவம் வேறு. கடினநீரை நெடுங்காலம் ஊற்றினால் மண் காரத்தன்மை அடைந்து இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் போகும். புதிய வளர்ச்சி மட்டும் மஞ்சளாவது இதன் அடையாளம். இங்கே உரத்தைக் கூட்டுவது பயன் தராது. மழைநீரைப் பயன்படுத்தலாம், அல்லது நீரில் சிறிது சிட்ரிக் அமிலம் கலந்து, சோதனைத் தாளில் அமில கார அளவு (pH) 6 அருகே வரும்படி செய்துகொள்ளலாம். முதிர்ந்த செடியின் அடித்தண்டு பழுப்பாகிக் கட்டையாவது மட்டும் நோயன்று. அது வயதின் இயல்பு.

அளவு தவறி உரத்தை அதிகமாக ஊற்றிவிட்டால் அன்றைக்கே மேற்சொன்னபடி கழுவிவிட வேண்டும். சில நாள்கள் கழித்தே தெரியவந்து, தண்டின் அடி மென்மையாகத் தொடங்கியிருந்தால், செடியை மண்ணிலிருந்து எடுத்து, பழைய மண்ணை உதறி, கருகிய வேர்களைச் சுத்தமான கத்தியால் நீக்கி, வெட்டுக்காயம் காயும் வரை நிழலில் ஒரு வாரம் வைத்துப் புதிய உலர்ந்த கலவையில் நட வேண்டும். அதன் உச்சியில் புதிய முள் தெரியும் வரை அதற்கு உரம் கிடையாது.