வளர்ச்சி கூடினால் உமிழ்வு தானாகக் குறையுமா? கார்பன் கணக்கில் சறுக்கும் இடங்கள்

"முதலில் நாடு வளரட்டும், புகை பிறகு தானாகக் குறையும்." வளரும் நாடுகளின் கார்பன் உமிழ்வு பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர்களுக்கு ஆதாரமும் உண்டு. கிராஸ்மன், குரூகர் என்ற பொருளியலாளர்கள் 1991-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருமானம் உயரும்போது மாசு முதலில் கூடுகிறது, ஒரு கட்டத்துக்குப் பின் இறங்குகிறது என்றது அது. ஆனால் அங்கே இறங்கியது நகரக் காற்றின் கந்தக டையாக்சைடும் புகைத் துகளும். அவை கண்ணை எரிக்கும், இருமல் தரும். கையில் காசு வந்ததும் மக்கள் சுத்தமான காற்று கேட்பார்கள், ஆலைக்கு வடிகட்டி வரும். கரியமில வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உலகம் முழுக்கப் பரவி, அதில் ஒரு பங்கு நூற்றாண்டுகளுக்கு வானில் தங்கிவிடும். தன் ஊர்க் காற்றுக்காகத் தெருவில் இறங்குவதுபோல் அதை எதிர்த்து ஓர் ஊர் இறங்குவது அரிது. ஏறி இறங்கும் அந்த வளைகோட்டை அப்படியே கார்பனுக்குப் பொருத்துவதுதான் ஆகப் பெரிய தவறு என்பேன். வருமானம் உயரும்வரை காத்திருக்கும் நாடு அதற்குள் கட்டும் அனல்மின் நிலையங்கள் 40 ஆண்டுகள் எரியும்.

அடுத்தது, செறிவு குறைந்ததை உமிழ்வு குறைந்ததாக வாசிப்பது. ஒரு ரூபாய் உற்பத்திக்கு எவ்வளவு கார்பன் என்பதே செறிவு. பொருளாதாரம் ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்து, செறிவு 3 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். மொத்த உமிழ்வு ஆண்டுக்கு 3.8 சதவீதம் ஏறும். 19 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். இந்தியா 2005 முதல் 2019 வரை செறிவை 33 சதவீதம் குறைத்ததாக ஐ.நா.வுக்கு அறிக்கை கொடுத்தது. மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை அது. ஆனால் அதே காலத்தில் மொத்த உமிழ்வு கூடியது.

உமிழ்வுக் கணக்கில் நாடுகளுக்கிடையிலான வர்த்தகத்தை நல்லது, கெட்டது என்று ஒரே சொல்லில் முடிப்பதும் சரியில்லை. ஒரு டன் அலுமினியம் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அது நிலக்கரி மின்சாரமானால் 10 டன்னுக்கு மேல் கரியமில வாயு வரும். நீர்மின்சாரமானால் அந்தப் பங்கு மிகச் சிறிது. ஏற்றுமதி ஒன்றுதான், விளைவு வேறு. ஆகவே பல நாடுகளின் சராசரியை எடுத்து ஒரு நாட்டின் தலையில் வைக்கக் கூடாது. அந்த அலுமினியத்தை வாங்கிப் பயன்படுத்துவது வேறொரு நாடு என்றாலும், ஐ.நா. கணக்கில் உமிழ்வு உற்பத்தி செய்த நாட்டின் பெயரில்தான் ஏறும். பழி சுமத்தும் முன், பொருளைப் பயன்படுத்தும் நாட்டின் பெயரில் உமிழ்வை எழுதும் நுகர்வுக் கணக்கையும் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் எஃகு, அலுமினியம், சிமென்ட் போன்றவற்றின் இறக்குமதிக்குக் கார்பன் கட்டணத்தை 2026 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்துகிறது. எனவே இந்தக் கணக்கு இனி ஏற்றுமதியாளரின் பணத்தையும் தொடும். இன்னொரு பக்கம், மலிவான சூரியத் தகடுகளை ஏழை நாடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் வர்த்தகம்தான்.

புதிய தொழில்நுட்பம் உமிழ்வைக் குறைக்கும் என்று சொல்லி, புத்தாக்கத்தைக் காப்புரிமைகளின் எண்ணிக்கையால் அளக்கிறார்கள். பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் உத்தியும் புத்தாக்கம்தான்! எந்தத் துறையில் என்று பிரித்துப் பார்க்காத எண்ணிக்கையால் பயனில்லை. திறன் கூடினால் பயன்பாடும் கூடலாம் என்பதை நிலக்கரியை வைத்து 1865-லேயே ஜெவான்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் எழுதினார். அதற்காகத் திறன் மேம்பாடு வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். பெரும்பாலும் சேமிப்பில் ஒரு பகுதிதான் அப்படிக் கரைகிறது. மீதியும் கரையாமல் இருக்க, திறன் கூடும்போதே நிலக்கரியின் விலையிலும் மின்சாரம் வரும் மூலத்திலும் அரசு கை வைக்க வேண்டும்.