பழைய மவுண்டன் பைக்கின் முன் ஃபோர்க்: டாம்பிங்கைத் தொடும்போது நேரும் தவறுகள்

ஜப்பானிலிருந்து வந்திறங்கும் பாவித்த சைக்கிள்களுக்கிடையே எப்போதாவது தொண்ணூறுகளின் நல்ல மவுண்டன் பைக் ஒன்று அகப்படும். முன் ஃபோர்க் ஒன்றில் இறுகிக் கிடக்கும், இல்லாவிட்டால் கண்டபடி துள்ளும். உடனே மேலேயுள்ள குமிழைப் பிடித்துத் திருகத் தொடங்கிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான்.

அக்காலத்து ஃபோர்க்குகள் பலவற்றில் அந்தக் குமிழ் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோட் குமிழ். டாம்பிங் வேறு. ஸ்பிரிங் ஓட்டுபவரின் எடையைத் தாங்குகிறது. அது அமுங்கும், மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே டாம்பிங். ஆரம்பகால மனிட்டூ ஃபோர்க்குகளில் ஒயில் டாம்பிங்கே கிடையாது, எலாஸ்டோமர் எனப்படும் ரபர் துண்டுகள் மட்டுமே. 1995 அளவில் வந்த ரொக்ஷொக்ஸ் ஜூடி ஃபோர்க்கில் ஒயில் காட்ரிட்ஜ், அதாவது ஒயில் அடைத்த டாம்பிங் உருளை, உண்டு; ஆனால் அது ஒழுகுவதில் பேர்போனது. ஒயில் வற்றிய காட்ரிட்ஜை எப்படித் திருகினாலும் பயன் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கழற்றிப் பார்த்துவிட்டே வேலையில் இறங்க வேண்டும்.

நமது வெக்கையிலும் ஈரப்பதத்திலும் எலாஸ்டோமர் நெடுநாள் தாங்காது. மூடியைத் திறந்தால் சில ஃபோர்க்குகளில் அது தொதல் போலக் கையில் ஒட்டும். அதை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மீண்டும் பூட்டுவது வீண் வேலை. மண்ணெண்ணெய் உள்ளிருக்கும் கிறீஸையும் அடித்துக்கொண்டு போய்விடும். புதிய எலாஸ்டோமரோ பொருத்தமான ஸ்பிரிங்கோ தேடுவதே வழி.

அடுத்தது, எடைக்கேற்ப ஸ்பிரிங்கைச் சரிசெய்யாமல் டாம்பிங்குக்குத் தாவுவது. ஃபோர்க்கின் கீழ்க்காலுக்குள் நுழையும் மேற்குழாயில், கீழ்க்காலின் வாயை ஒட்டி ஒரு கேபிள் டையைக் கட்டி, வழமைபோல ஏறி அமர்ந்து, மெல்ல இறங்கி, டை எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். 60 மில்லிமீற்றர் அமுங்கக்கூடிய ஃபோர்க் உங்கள் எடைக்கு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் இறங்கினால் போதும்.

ஒயிலில் நடக்கும் அநியாயம் இன்னும் பெரிது. என்ஜின் ஒயிலும் பிரேக் ஒயிலும் ஃபோர்க்குக்கு உரியவை அல்ல; பிரேக் ஒயில் சீல்களைக் கெடுக்கும், பெயின்டையும் உரிக்கும். மோட்டார் சைக்கிள் கடைகளில் ஃபோர்க் ஒயில் கேட்டு வாங்கலாம். ஒழுக்கை மறைக்கத் தடித்த ஒயில் ஊற்றுவதும் தவறு. அளவுக்கு மேல் ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் போய், பெரிய பள்ளத்தில் சீல் பிதுங்கிவிடும்.

அமுங்கிய ஃபோர்க் மீண்டு வருவதுதான் ரீபவுண்ட்; அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மட்டக்களப்பு, படுவான்கரையின் கிரவல் வீதிகளில் குறுக்கே அலையலையாக மேடு விழுந்திருக்கும். ரீபவுண்ட் மிக மெதுவாக இருந்தால், ஃபோர்க் ஒரு மேட்டில் அமுங்கி மீள்வதற்குள் அடுத்த மேடு வந்து இன்னும் அமுக்கும். சிறிது தூரத்திலேயே இறங்க இடமில்லாமல் போய்க் கைப்பிடி அதிரத் தொடங்கும். ஸ்பிரிங்தான் இறுக்கம் என்று நினைத்து ப்ரீலோடைத் தளர்த்துவார்கள். நிலைமை மேலும் மோசமாகும். அங்கே தேவைப்படுவது ரீபவுண்டைச் சற்று விரைவாக்குவது. ரீபவுண்ட் குமிழை ஒரு முனைக்கு மெதுவாகக் கொண்டுபோய், அங்கிருந்து எண்ணித் திருப்புங்கள். முனையில் பலம் கொடுத்தால் உள்ளிருக்கும் ஊசி வால்வு பழுதாகும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதே வீதியில் ஓட்டம், பிறகு அடுத்தது.

ரொக்ஷொக்ஸ் மாக் 21 போன்ற காற்று ஃபோர்க்குகளில் இரு கால்களிலும் காற்றழுத்தம் சமமாக இருக்க வேண்டும். காற்றை முழுதாக இறக்காமல் மூடியைத் திறக்கவே கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த ஃபோர்க்குகளின் கீழ்க்கால்கள் பெரும்பாலும் மக்னீசியம். கல்லடி, பாசிக்குடா போன்ற கரையோரத்து உப்புக்காற்று அதை அரிக்கும். பிரேக் பொருந்தும் இடத்தையும் இரு கால்களை இணைக்கும் வளைவையும் துடைத்துவிட்டு, டோர்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்புத் தெரிந்தாலும் டாம்பிங் பேச்சை விட்டுவிட்டு, சாதாரண இரும்பு ஃபோர்க் ஒன்றைப் பூட்டி ஓட்டுங்கள்.