மிலிட்டரிக்காரருக்கு நினைவு மலர் எழுதுவது எப்படி?

கும்பகோணத்தில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். நினைவு மலர் அடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தையும் நான்கு வரிகளையும் நீட்டுவார்கள். பாசத்தின் சிகரம், பண்பின் இமயம் என்று இருக்கும். பெயரை மாற்றினால் அடுத்த தெருப் பெரியவருக்கும் அதே வரிகளை அடித்துக் கொடுக்கலாம். என் மாமனார் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். வலங்கைமான் பக்கம் ஊர். எண்பத்தொரு வயது வரை நிறைவாக வாழ்ந்தார். அவருக்கு மலர் தயாரித்த வழியை இங்கே எழுதுகிறேன்.

பதினாறாம் நாளுக்குள் மலரை முடிக்க நினைக்காதீர்கள். அதற்குச் சுவரொட்டி போதும். மலரை முதல் வருடத் திதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதை மட்டும் அன்றன்றைக்கே குறித்துவிடுங்கள். அந்தப் பேச்சு மறுபடி கிடைக்காது.

அடுத்தது டிரங்குப் பெட்டி. மிலிட்டரிக்காரர் வீட்டில் கறுப்புப் பெயின்ட் அடித்து, மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பரும் பெயரும் போட்ட பெட்டி பரணில் இருக்கும். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, கேன்டீன் கார்டு, பதக்கங்கள் எல்லாம் அதில்தான். காகிதங்களை அங்கேயே செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, அசலை வீட்டுப் பெண்மணியிடம் திருப்பிக் கொடுங்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு அலையும்போது அவருக்கு அவை வேண்டும்; மலருக்கு நகலே போதும்.

பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்க யாராவது கிளம்புவார்கள். தடுத்துவிடுங்கள். அதன் விளிம்பில் அவருடைய நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். தேய்க்கத் தேய்க்க அது மழுங்கும். ஜன்னலோரம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லச் சுற்றினால் ஒவ்வோர் எழுத்தாகத் தெரியும். எந்தப் பதக்கம் என்பதும் முக்கியம். 1965க்கான ரக்ஷா பதக்கமும் 1971க்கான சங்க்ராம் பதக்கமும் அந்தக் காலத்தில் சேவையில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டவை. 1971 போரில் கிழக்குப் பகுதியில் பணி செய்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். மேற்கில் செய்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். எங்கள் ஊரில் எல்லாரும் மாமா காஷ்மீரில் சண்டை போட்டவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டியில் இருந்தது பூர்வி ஸ்டார். இதைச் சொன்னதும் அத்தை சிரித்துவிட்டார். அந்தப் பக்கம் கடுகெண்ணெயில் பொரித்த மீனைத் தின்ன முடியாமல் ரொட்டியும் பருப்புமாகக் காலம் தள்ளியதை மாமா அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாராம். ஊர் கேட்டது துப்பாக்கிக் கதை. சோற்றுக் கதையை அத்தையிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அதனால், செய்த வேலையை உள்ளபடியே எழுதுங்கள். ரேஷனும் வெடிமருந்தும் ஏற்றி லாரி ஓட்டினார் என்பதே போதும். அவரைப் பீரங்கிக்கு முன்னால் நிறுத்த வேண்டியதில்லை. படையில் சமையல்காரரும் முடிதிருத்துபவரும்கூட உண்டு. பயிற்சி எந்த ஊரில் என்று தெரிந்தால் பிரிவை ஓரளவு ஊகிக்கலாம்: நீலகிரி வெலிங்டன் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்ற காலாட்படை, பெங்களூர் என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையாகவோ மாமாவைப் போல ஏ.எஸ்.சி. என்ற சரக்கு வழங்கும் படையாகவோ இருக்கலாம். உறுதி செய்ய டிஸ்சார்ஜ் புத்தகத்தையே பாருங்கள்.

தேதிகள்தான் பெரிய தலைவலி. அந்தத் தலைமுறைக்குப் பள்ளியில் வாத்தியார் போட்ட பிறந்த தேதி ஒன்று, ஜாதகத்தில் ஒன்று. மாமாவின் ஜாதகம் விஷு வருடம் ஆவணி என்றது, அது 1941. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும் என்பதால் குழப்பத்துக்கு வழியில்லை. மலரில் ஜாதகத் தேதியைப் போட்டுவிட்டு, அலுவலகத் தேதி வேறு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாவட்டமும் அப்படித்தான். பழைய காகிதத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்றிருக்கும் ஊர் இன்று திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ இருக்கலாம். இரண்டையும் எழுதினால் பேரப்பிள்ளைகள் தேடும்போது திண்டாட மாட்டார்கள்.

காகிதத்தில் இல்லாத வருடங்களை டெல்டாக்காரர்களிடம் வருடம் கேட்டு வாங்க முடியாது. புயலைக் கேளுங்கள், தண்ணீரைக் கேளுங்கள். எப்போது மிலிட்டரியை விட்டு வந்தார் என்றதற்கு, நாகப்பட்டினம் புயலில் கொல்லைத் தென்னை சாய்ந்தபோது ஊரில்தான் இருந்தார் என்றார் பக்கத்து வயல்காரர். அது 1977 நவம்பர். பதினைந்து வருடச் சேவை முடித்து அந்த வருடம்தான் வந்தார் என்று டிஸ்சார்ஜ் புத்தகமும் சொன்னது. மேட்டூர் அணை பல வருடம் கழித்து மறுபடி வழக்கமான ஜூன் 12இல் திறந்தது 2020இல். அப்போது முகக்கவசத்தோடு வாய்க்கால் மதகில் நின்று பேரனுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவதைச் சொல்லிக் கொடுத்தது என் மனைவிக்கு நினைவிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ராணுவத்தில் பதினைந்து வருடம். அதற்குப் பிறகு குறுவை, சம்பா, பிள்ளைகள் படிப்பு, மகள் கல்யாணம் என்று நாற்பத்தைந்து வருடம். பக்கங்களையும் அந்த விகிதத்தில் பிரியுங்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் நேர்மாறாகச் செய்வார்கள்; சீருடைப் படம் அழகாக இருக்கிறதே, என்ன செய்வது.

வீட்டுப் பெண்களிடம் கேட்கும்போது, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்காதீர்கள். நல்லவர் என்று முடித்துவிடுவார்கள். கடிதம் எந்த விலாசத்துக்குப் போட்டீர்கள் என்று கேளுங்கள். 56 ஏ.பி.ஓ. என்று ராணுவ அஞ்சலக எண்ணைச் சொன்னார் அத்தை உடனே. கணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாமல் அந்த எண்ணுக்கு எழுதிக்கொண்டிருந்தாராம். மணியார்டர் வந்தால் முதலில் யாருக்குக் கடன் அடைத்தீர்கள், ஓய்வூதியம் வந்த நாளில் என்ன வாங்கி வருவார், எதற்குக் கோபம் வரும் என்று கேளுங்கள். எங்கள் மாமா நவம்பர் மாதம் வாழ்நாள் சான்றுக்காக வங்கிக்குப் போய் வந்தால், இன்னும் ஒரு வருடத்துக்கு உயிரோடு இருக்க அரசாங்கம் அனுமதித்துவிட்டது என்று வாசலிலேயே அறிவிப்பார். மலரில் எல்லாரும் இரண்டு முறை படித்தது அந்த வரியைத்தான்.

சட்டத்துக்குள் இருக்கும் பழைய ஸ்டூடியோ படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே சாய்த்து, பிரதிபலிப்பு விழாமல் படம் எடுங்கள். படத்தில் நிற்கிறவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதி வையுங்கள்.

நடுவில் தைக்கும் மலர் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்கில் வர வேண்டும். பதினாறு பக்கம் தாராளம். அச்சுக்குக் கொடுக்குமுன் முழுவதையும் வீட்டுப் பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பெயர்களையும் உறவுமுறைகளையும் அவர்கள் திருத்துவார்கள். யார் பெயர் யாருக்கு முன்னால் வர வேண்டும் என்ற சண்டையும் அங்கேயே முடிந்துவிடும். அச்சடித்த பிறகு வந்தால் காகிதச் செலவு உங்களுடையது.